சிவப்புக் கொடிக்கு இந்தப் பக்கம் ஒரு காப்பகம்

அனுப்புநர்:
அஸ்மிதா சௌகுலே, பி.இ.,
(க/பெ நாயக் தானாஜி சௌகுலே)
படைவீரர் குடும்பக் குடியிருப்பு,
பெலகாவி.

பெறுநர்:
திட்ட இயக்குநர் அவர்கள்,
மலப்பிரபா தொழில்நுட்பப் பூங்கா,
பெலகாவி.

பொருள்: பூங்காவின் தரைத்தள அறையில் குழந்தைகள் காப்பகம் அமைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னிக்கவும். மகள் முக்தா தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது.

1. தங்கள் பூங்காவில், விமான உதிரிபாக வரைபடங்களைக் கணினியில் சரிபார்க்கும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். கணவர் வடக்கே எல்லையில் இருக்கிறார். எங்கள் பிரிவில் பாதிப் பேர் என்னைப் போலப் படைவீரர்களின் மனைவிகள். பெங்களூரில் போய் ஆள் தேட வேண்டியதில்லை, படித்த கைகள் இந்த ஊர்க் குடியிருப்புகளிலேயே இருக்கின்றன என்று திறப்பு விழாவில் தாங்கள் பேசினீர்கள். அதைக் கேட்டுத்தான் நான் விண்ணப்பித்தேன்.

2. ஊருக்கும் பூங்காவுக்கும் நடுவே ராணுவச் சுடுதளம் இருக்கிறது. பயிற்சி நாட்களில் குன்றின் மேல் சிவப்புக் கொடி ஏறும், சாலைத் தடுப்பு இறங்கும். அதில் எனக்குக் குறை இல்லை. பூங்காவுக்கு வெகுகாலம் முன்பே வந்தது அது. ஆனால் நாங்கள் குழந்தைகளை விட்டுவரும் காப்பகம் ஊர்ப் பக்கம் இருக்கிறது. பகல் முழுக்க நாங்கள் பூங்கா இருக்கும் இந்தப் பக்கம் இருக்கிறோம்.

3. போன மாதம் ஒரு பயிற்சி நாளில் காப்பகத்துச் சாந்தவ்வா தொலைபேசியில் அழைத்தார். முக்தாவுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது, ஆட்டோவில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார். தடுப்பு வரைக்கும் ஓடினேன். சுடும் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. கொடி மட்டும் இறங்கவில்லை. காவலுக்கு நின்றவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "பாபி, கொடி எறங்காம இந்தத் தடுப்பத் தூக்க மாட்டேன். வேற எது வேணாலும் கேளுங்க." படைவீட்டுப் பெண்களை ராணுவத்தில் அண்ணி முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள்.

பெங்களூரிலிருந்து வந்து எங்களோடு வேலை பார்க்கும் நமிதா ஸ்கூட்டரைத் தடுப்பைச் சுற்றிப் போகும் வயல்வழிப் பக்கம் திருப்பி நிறுத்தினாள். "அதான் சத்தமே இல்லையேக்கா. ஏறுங்க, அஞ்சே நிமிஷம்," என்றாள். நான் ஏறவில்லை. சத்தம் நின்ற பிறகுதான் வெடிக்காத குண்டுகளைத் தேடுவார்கள் என்பது படைவீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் தனியாகப் போய்விடக் கூடாதே என்று ஸ்கூட்டர் சாவியையும் பிடுங்கி வைத்துக்கொண்டேன். பிள்ளை எப்படி இருக்கிறாளோ என்று தெரியாமல், அந்த வெயிலில், தூரத்தில் ஆடிய ஒரு துணியைப் பார்த்தபடி நின்றேன். கொடி இறங்கி, நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது முக்தா கையில் ஊசியோடு தூங்கிக்கொண்டிருந்தாள். சாந்தவ்வாவின் புடவையெல்லாம் வாந்தி.

4. கணவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "நீ நின்னதுதான் சரி. ஆனா அந்த வேலை நமக்கு வேணாம்," என்றார். யோசித்துப் பார்த்தேன். காவலர் செய்தது சரி. கொடி இறங்காதது சரி. நான் நின்றதும் சரி என்கிறார் அவர். எல்லோரும் சரியாக நடந்தும் ஒரு தாயால் தன் குழந்தையிடம் போக முடியவில்லை என்றால், காப்பகம் இருக்கும் இடம்தான் தவறு. அந்த ஒன்றைத் தங்களால் மாற்ற முடியும்.

5. தரைத்தளத்தில் காப்பிக் கடைக்கென்று ஒதுக்கிய பெரிய அறை திறப்பு விழா முதல் பூட்டியே கிடக்கிறது. அப்படி ஒரு கடை இருந்தால்தான் பெங்களூர் நிறுவனங்கள் வரும் என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். ஐயா, காப்பி எங்கும் கிடைக்கும். அன்றைக்குப் பிறகு எங்கள் பிரிவில் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டார்கள். இருவருமே கைக்குழந்தைக்காரர்கள். வந்த நிறுவனம் ஆள் இல்லாமல் திரும்பிப் போனால், அடுத்தது எதை நம்பி வரும்? அந்த அறையைக் காப்பகமாக்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். நடத்துவதற்குச் சாந்தவ்வா சம்மதித்திருக்கிறார். "காலைல கொடி ஏறுறதுக்குள்ள உங்க பஸ்லயே ஏறி வந்துடறேன் தாயி, உங்க காப்பிய நானே போட்டுத் தரேன்," என்கிறார். மருத்துவமனை ஊர்ப் பக்கம்தானே இருக்கிறது என்று தாங்கள் கேட்கலாம். பூங்காவுக்குப் பின்னால் உள்ள கிராமத்தில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அந்தச் சாலையில் கொடி கிடையாது.

6. முக்தாவுக்கு உடம்பு தேறிவிட்டது. ஆனால் சிவப்பு என்றால் அம்மா வரமாட்டாள் என்று மட்டும் எப்படியோ புரிந்துவைத்திருக்கிறாள். தினமும் காலையில் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்குச் செவப்பா?" என்று கேட்கிறாள். எனக்குத் தெரியாது. பயிற்சி நாளை முன்கூட்டி வெளியே சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. பதில் சொல்லாமலே அவளை விட்டுவிட்டு வருகிறேன்.

வேலையில் தொடர்கிறேனா இல்லையா என்று இம்மாத இறுதிக்குள் நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. முடியும், முடியாது, எதுவானாலும் தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இடம்: பெலகாவி
நாள்: நவம்பர் 12

இப்படிக்கு,
அஸ்மிதா சௌகுலே