நீ கழற்றிக் கொண்டுபோன ஃபயர்பிளேஸ்

மச்சான்,

நேற்று விருந்தாளிகள் முன்னால் என் மானம் போனது. வெளியே நல்ல குளிர். முன்னறையில் நீ பூட்டித் தந்த மின்சார ஃபயர்பிளேஸுக்கு முன்னால் குந்தியிருந்து, "என்ன இருந்தாலும் நெருப்பு நெருப்புத்தான்" என்று சொல்லிக்கொண்டு உள்ளங்கைகளை நீட்டிக் குளிர்காய்ந்தேன். மகள் குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, லைட் மட்டும்தான் எரியுது. ஹீட்டர் போடேல்லை" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு உன் மேல் கோபம் வந்தது. செத்துப்போனவன் மேல் கோபப்பட்டு என்ன செய்வது? அதனால் எழுதுகிறேன்.

நோர்பரியில் இந்தப் பழைய வீட்டை நான் வாங்கியபோது மகளுக்கு மூன்று வயது, மகன் கைக்குழந்தை. வீடு என்னுடையது என்றாலும் நீ பில்டர், நான் எடுபிடி. முன்னறைச் சுவரைத் தட்டிப் பார்த்து, "உள்ளுக்கு வெறும் கூடு, மச்சான்" என்றாய். பலகையைப் பெயர்த்தோம். முதலில் ஒரு புறாக்கூடும் இரண்டு கூடை கரியும் எங்கள் தலையில் கொட்டின. அதற்குப் பின்னால் வார்ப்பிரும்பில், விறகு எரிக்கிற ஒரு ஃபயர்பிளேஸ், இரு பக்கமும் நீலப் பூப்போட்ட டைல்கள். என் மனைவி வாசலில் நின்று, "இரண்டு கரிக்குரங்கும் குளிக்காமல் குசினிக்குள்ளை வரப்படாது" என்றாள்.

ஒரு கிழமை முழுதும் அதைத் தேய்த்துத் துடைத்தேன். கழன்று விழுந்த ஒரு டைலை நானே ஒட்டினேன். காய்ந்த பிறகுதான் தலைகீழ் என்று தெரிந்தது. "பூவுக்கும் சிரசாசனம் பழக்கிப்போட்டாய்" என்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

அடுத்த சனிக்கிழமை நீ சிரிக்கவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பின்பக்கம் வெடிச்சுப்போச்சு. புகை உள்ளுக்குத்தான் வரும். சின்னப் பிள்ளையள் படுக்கிற வீடு, மச்சான்" என்றாய். எனக்கு அது போதுமாயிருந்தது. கவுன்சில் குப்பைமேட்டில் போடுவதாகச் சொல்லி உன் வேனில் ஏற்றினாய். மறுபக்கத்தைத் தூக்கித் தந்த மடையன் நான்தான். இடுப்புப் பிடித்து மூன்று நாள் படுத்தேன். போகும்போது உனக்கு ஆட்டிறைச்சிக் கறியும் கட்டித் தந்தேன்.

அதற்குப் பிறகு, புகையில் மூச்சடைத்த குடும்பம் என்று எங்காவது செய்தி வந்தால், பிள்ளைகளின் தலையைத் தடவிக்கொண்டு உன்னை நினைப்பேன்.

உன் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு மோர்டனில் உன் வீட்டுக்கு வந்தேன். வீடு நிறையச் சனம். கோட்டுகளை மேலே கட்டிலில் போடச் சொன்னார்கள். இத்தனை வருடப் பழக்கத்தில் உன் வீட்டு மேல்மாடிக்கு நான் ஏறியதே இல்லை. அன்றைக்கு ஏறினேன். கட்டிலுக்கு எதிரே அது நின்றது. இடப் பக்கத்தில் மூன்றாவது பூ தலைகீழாக.

கையை உள்ளே விட்டுப் பின்பக்கத்தைத் தடவினேன். வெடிப்பு எதுவும் இல்லை. பாதி எரிந்த கட்டை ஒன்று கிடந்தது.

உன் மனைவி பின்னால் வந்தார். "அண்ணை, இதிலையா நிக்கிறியள்? இவருக்கு இது எண்டா உயிர். ஆரோ தெரிஞ்ச ஆக்கள் வேண்டாமெண்டு தந்தது எண்டு சொன்னவர்."

"ஓம் தங்கச்சி" என்றேன். "நல்ல சாமான்."

கேட்டிருந்தால் தந்திருப்பேன், மச்சான். இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டுத் தந்திருப்பேன். பிறகு ஆயுளுக்கும் சொல்லிக்காட்டியிருப்பேன், அது வேறு கதை. பிள்ளைகளை ஏன் இழுத்தாய்?

கீழே உன் நினைவு மலரைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் நான் எழுதிய பக்கமும் இருந்தது. பத்தாம் வகுப்போடு நின்றவன் மூன்று முறை திருத்தி எழுதியது. "அண்ணை, நீங்களே வாசியுங்கோ" என்று உன் மனைவி தன் மலரை விரித்து, நான் வாசிக்க வாசிக்க வரிவரியாக விரலை நகர்த்திக்கொண்டு வந்தார். வாசித்தேன். உன் பகிடிகள் வந்த இடத்தில் சனம் சிரித்தது, அழவும் செய்தது. கடைசிக்கு முந்திய வரியில் என் குரல் நின்றது. துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று நினைத்து யாரோ தண்ணீர் நீட்டினார்கள். குடித்துவிட்டு, அதற்கடுத்த வரியை வாசித்து முடித்தேன். உன் மனைவியின் விரல் மட்டும் நான் விட்ட வரியிலேயே இருந்தது: "என் பிள்ளைகள் இன்று மூச்சோடு இருப்பது இவனால்தான்."