ஐயாவு பாடாத கிறிஸ்துமஸ்

புத்தாற்றங்குடி
27-12-1970

அன்பு மகள் சுகிர்தத்துக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறோம். அவர்கள் நாட்டுக் கிறிஸ்துமஸ் ராகங்கள் நம் ஊர்க் கோயிலுக்கு எப்படி வந்தன என்று உன் ஆஸ்பத்திரிச் சிநேகிதிகள் கேட்டதாக எழுதியிருந்தாய். அந்த நாட்டு மிஷனரிகள் கப்பலில் தரங்கம்பாடிக்குக் கொண்டுவந்தவை, பிறகு அவற்றுக்குத் தமிழில் சொல் அமைத்தார்கள் என்று சொல். கேரல் பாட்டுகள் முதலில் பாமர ஜனங்கள் வெளியே பாடி ஆடியவை, பின்னால்தான் கோயில் உள்ளே சேர்த்துக்கொண்டது என்றும் சொல். முப்பது வருஷமாகப் பாடகர் குழுவுக்கு நான் சொல்லிக்கொடுத்தது அதுதான். இந்த வருஷம் நான் செய்ததை மட்டும் அவர்களிடம் சொல்ல வேண்டாம்.

சம்பா அறுப்புக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுக் கீழத்தெரு ஆட்கள் விவசாயச் சங்கத்தில் சேர்ந்தார்கள். நம் சபைக் கமிட்டியில் நிலக்காரர்கள்தானே அதிகம், தலைவர் தாவீது பிள்ளை என்னைக் கூப்பிட்டு, "கொடி புடிச்சவன் பாடகர் குழுவுல நிக்கக் கூடாது, பேரை எழுதி நீங்களே நீக்கிடுங்க வாத்தியாரே, இல்லேன்னா இந்த வருஷம் கேரலே கிடையாது" என்றார். அடிக்குரல் பாடும் ஐந்து பேரும் கீழத்தெருக்காரர்கள். எழுத்து வாசனை இல்லாமல் காதால் கேட்டே எல்லாப் பாட்டையும் மனப்பாடம் செய்த ஐயாவுவை உனக்கு நினைவிருக்கும், அவனும் அதில் ஒருவன். பாட்டாவது மிஞ்சட்டும் என்று, சங்கத்தில் சேர்ந்தவர்கள் என ஐந்து பேர் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஐயாவுவிடம் நானே போய்ச் சொன்னேன். "சரிங்கய்யா, பாட்டு நிக்காம பாத்துக்குங்க" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் மீதிப் பேரோடு கீழத்தெருவுக்குப் போனேன். ஒரு கதவும் திறக்கவில்லை. ஐயாவு வாசலில் பாடத் தொடங்கினோம், அவன் மனைவி வேம்பு வெளியே வந்து, "யாருக்குப் பாடுறீங்க? அஞ்சு பேரையும் காலையிலயே போலீசு இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு" என்றாள். மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஸ்டேஷனுக்கு ஓடினேன். தாவீது பிள்ளையின் நெற்களத்துக்குத் தீ வைத்ததாகக் கேஸாம். ஏட்டு மேசையில் இருந்த சீட்டு நான் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்ததுதான், அடியில் என் கையெழுத்து. அது கோயில் விஷயத்துக்கு எழுதியது என்று கெஞ்சினேன், ஏட்டு காதில் வாங்கவில்லை. ஜாமீனும் கிடைக்காது என்கிறார்கள்.

ஆர்மோனியத்தைக் கோயிலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொள். ஜெபத்தில் அந்த ஐந்து பேரையும் மறக்காதே. அவர்கள் பெயர்களை வரிசையாக இன்னொரு காகிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை.

உன் அப்பா
மாசிலாமணி