அளவு எழுதி அனுப்பவும்

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

கத்திரி எழுதுகிறேன். போனில் பேசினால் குழந்தையின் காதில் எல்லாம் விழும், அதனால்தான் நீங்கள் எடுப்பதில்லை என்று அண்ணன் சொன்னார். நியாயம்தான். தையல் மெஷின் ஓடும்போதே என் குரல் தெருமுனை வரை கேட்கிறது. ஆஸ்பத்திரி அறையில் கேட்க வேண்டுமா!

போன வாரம் ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்து, மூன்றாவது மாடி வராந்தாவில் நின்றேன். கதவைத் திறந்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், மூடிவிட்டீர்கள். சத்தம் வராமல் மூடினீர்கள். படாரென்று சாத்தியிருந்தால், வழக்கமான அண்ணிதான் என்று தெம்பாகத் திரும்பியிருப்பேன்.

சுற்றி வளைக்கவில்லை. அந்தக் கவுன் நான் தைத்தது. நீளமாக இருந்தது. அண்ணனின் வண்டியில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளையின் கவுன் சக்கரத்தில் மாட்டி, காலையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இதை எழுதிவிட்டால் அடுத்த வரி தானாக வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் வரவில்லை.

ஆகவே எனக்குத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். காலைச் சுற்றி இரும்பு வளையமும் கம்பியுமாக இருப்பதால் எந்த உடுப்பும் ஏறவில்லை, போர்வையால் மூடித்தான் வைத்திருக்கிறோம் என்றார் அண்ணன். டாக்டர்கள் கூட்டமாக வந்து நின்றால் என் கொசுக்குட்டி போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாளாம். பத்து வயதுப் பிள்ளை. அதைக் கேட்டதிலிருந்து மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இடது பக்கம் முழுக்கத் திறந்து மூடுகிற மாதிரி இரண்டு கால்சட்டை, பள்ளிக்கூட ஷூவில் இருக்கிற மாதிரி ஒட்டுப்பட்டை வைத்து, இந்தப் பார்சலில் இருக்கிறது. அளவு குத்துமதிப்புதான். கம்பிக்கு வெளியே நூலைச் சுற்றிப் பார்த்து, அளவு எழுதி அனுப்பவும். வேறு ஒன்றும் எழுத வேண்டாம். திட்ட வேண்டுமானால், தாளில் இடம் இருந்தால், திட்டலாம்.

உங்கள் நாத்தனார்,
கத்திரி


மார்ச் 7

கத்திரிக்கு,

பார்சல் வந்தது. ஒட்டுப்பட்டை வேண்டாம். பிரிக்கும்போது வருகிற சர்ரென்ற சத்தத்துக்குக் குழந்தைக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது. கட்டுப் பிரிக்கும் சத்தமும் அதே மாதிரிதான் இருக்கும். நாடா வைத்துத் தை.

தொடை பதினாறு. முழங்காலில் கம்பியோடு சேர்த்து இருபத்தாறு. கணுக்கால் இருபத்துநாலு. வலது காலுக்குப் பழைய அளவே இருக்கட்டும். இளைத்திருக்கிறாள், ஆனால் குறைக்காதே. தேறிவிடுவாள்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஆப்பிள் வாங்கி வருகிறார்கள். ஜன்னல் திட்டு முழுக்க ஆப்பிள். எல்லாரும் "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்கிறார்கள். கவுன் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது என்று ஒப்பிக்கிறேன். நேற்று உன் பெரியம்மா, "கவுன் யாரு தைச்சது?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்னொன்று. உன் கடிதத்தை வாசித்துக் காட்டச் சொல்லி அடம்பிடித்தாள். கதவு, கவுன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மற்றதை வாசித்தேன். உன் குரல் தெருமுனை வரை கேட்கிறது என்ற இடத்தில் சிரித்தாள். சிரித்தால் கால் அதிர்கிறது. கம்பி போயிருக்கிற இடமெல்லாம் வலிக்கிறது. அப்புறம் அழுதாள். இனிமேல் வேடிக்கையாக எழுதாதே.

அண்ணி


மார்ச் 12

அன்புள்ள அண்ணிக்கு,

வேடிக்கை இல்லாமல் எழுத முயன்று மூன்று தாளைக் கிழித்தேன். முதலாவது, மின்சார அலுவலகத்துக்கு எழுதிய விண்ணப்பம் மாதிரி இருந்தது. மற்ற இரண்டும் அந்த விண்ணப்பத்தை நிராகரித்து அவர்கள் எழுதிய பதில் மாதிரி இருந்தன. என்னிடம் இருப்பது இந்த ஒரு வாய்தான், அண்ணி. இது உங்களுக்கு மட்டும். அவளுக்கு வாசிக்க வேண்டாம்.

என் கைக்கு என்னவோ ஆகிவிட்டது. யார் எந்த அளவு கொடுத்தாலும் அடியில் குட்டையாகத்தான் வெட்டுகிறது. ஒரு டீச்சர் தன் மகளுக்குக் கணுக்கால் வரை கேட்டிருந்தார். முழங்காலோடு நின்றுவிட்டது. "மிச்சம் புடிச்ச துணியில என்னக்கா பண்ணப் போறீங்க, தலையணை உறையா?" என்று கடை நடுவில் நின்று கேட்கிறார். பக்கத்துக் கடை அழகுநிலையக்காரி விஷயம் தெரிந்தவள். "கொஞ்ச நாளைக்குக் குழந்தைங்க துணியே எடுக்காதீங்க" என்கிறாள். புருவம் எடுக்கிறேன் பேர்வழி என்று இந்த ஊரில் பாதிப் பேரை ஆச்சரியப்பட்ட முகத்தோடு அலையவிட்டவள், எனக்குப் புத்தி சொல்கிறாள்.

அண்ணி, நான் வரட்டுமா? ஒரே ஒரு வாரம். துணி துவைப்பேன், மருந்துக்கடை வரிசையில் நிற்பேன், ஆப்பிளைத் தின்று தீர்ப்பேன். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே இருக்கிறேன். அப்போது மட்டும்தான் நான் பேசமாட்டேன் என்று உங்களுக்கே தெரியும்.

நாடா வைத்து நான்கு அனுப்பியிருக்கிறேன்.

கத்திரி


மார்ச் 18

கத்திரிக்கு,

வராதே. கோபத்தில் சொல்லவில்லை.

நேற்றும் உன் பெரியம்மா வந்தார்கள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஓடியாடின பிள்ளைடீ" என்று அழுதார்கள். குழந்தை பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நான் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, "ஒண்ணும் ஆகாது பெரியம்மா, சரியாயிடும்" என்று சொல்லி, லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். எனக்கே தெரியாததை அவர்களுக்குச் சொன்னேன். இந்த வாரம் மட்டும் பதினோரு பேரைத் தேற்றி அனுப்பியிருக்கிறேன். நீ வந்தால் நீயும் அழுவாய். உன்னைத் தேற்ற என்னிடம் எதுவும் மிச்சம் இல்லை.

உன் அண்ணன் வண்டியைத் தொடுவதில்லை. வேலைக்கு நடந்தே போகிறார். திரும்பி வந்தால் குழந்தையின் தலைமாட்டில் நிற்கிறார். அவளையும் தொடுவதில்லை.

புண்ணில் சீழ் வைத்திருக்கிறது. கால்விரல்களின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டர் "பார்க்கலாம்" என்கிறார். காலையில் ஒரு பார்க்கலாம், சாயங்காலம் ஒரு பார்க்கலாம்.

அண்ணி


மார்ச் 23

அன்புள்ள அண்ணிக்கு,

வரவில்லை. சொன்னபடி கேட்டுவிட்டேன், குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரின் "பார்க்கலாம்" என்னைக் கொஞ்சம் தைரியப்படுத்தியது. நானும் வாடிக்கையாளர்களிடம் அதையேதான் சொல்கிறேன். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று நான் சொன்னால், இன்னும் துணியில் கத்திரியே வைக்கவில்லை என்று அர்த்தம். அவசரப்பட ஒன்றும் இல்லை என்றுதான் அவரும் சொல்கிறார் போலிருக்கிறது.

விரல் குளிர்ந்திருக்குமோ என்று மிருதுவான துணியில் இரண்டு பாத உறை தைத்திருக்கிறேன். இடதுக்கு முன்பக்கம் திறப்பு வைத்திருக்கிறேன், டாக்டர் விரலைப் பார்க்க வசதியாக. நிறம் மஞ்சள். கொசுவுக்கு மஞ்சள்தானே பிடிக்கும், இல்லை மாறிவிட்டதா?

கத்திரி


மார்ச் 30

கத்திரிக்கு,

இனிமேல் தைப்பதற்கு: வலது கால் அதே அளவு. இடது கால் முழங்காலுக்குக் கீழே நான்கு அங்குலம். அடியில் மூடித் தைத்துவிடு. மடிப்பு தடிமனாக இருக்கக் கூடாது, உறுத்தும்.

பாத உறை இரண்டும் ஆபரேஷனுக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. ஒன்றைப் போட்டுவிட்டேன். இன்னொன்று என் பையில் இருக்கிறது.

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். உன் அண்ணன் பேனாவை வாங்கினார், திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் போட்டேன். கண் விழித்ததும் குழந்தை அழவில்லை. ரொம்ப நேரம் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அத எங்கம்மா வச்சிருக்காங்க?" என்று கேட்டாள். கேட்டுச் சொல்றேன் என்றேன். யாரிடம் கேட்பது?

இன்னொன்றும் எழுத வேண்டும். நீ அந்தக் கவுனை அடியில் மூன்று அங்குலம் மடித்துத் தைத்துத்தான் அனுப்பியிருந்தாய். வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளுங்கள் என்று சீட்டும் வைத்திருந்தாய். பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கிற அன்று, கவுன் பாதத்தை மூடினால்தான் போவேன் என்று நின்றாள். நேரமாகிக்கொண்டிருந்தது. பிளேடை எடுத்து மடிப்பைப் பிரித்தது நான். ஓரத்தைக் கையால் ஓட்டித் தைத்தது நான். உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. பெரியம்மா உன் பேரை ஊரெல்லாம் சொன்னபோது எனக்கு மூச்சு சீராக வந்தது. ஐந்து வாரமாக அப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு எழுதப் பிடிக்கவில்லையென்றால் எழுத வேண்டாம். கால்சட்டையை மட்டும் அனுப்பு.

அண்ணி


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று வைத்திருக்கிறேன். அடியில் மடிப்பே கிடையாது. வட்டமாக ஒரு துண்டு வைத்து, தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி தைத்திருக்கிறேன். உள்பக்கத்தைத் திருப்பி என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். உறுத்தவில்லை.

மற்றபடி நீங்கள் எழுதியிருப்பது தப்பு. தூக்கம் இல்லாமல் எதையோ எதோடோ சேர்த்துக் குழப்பிக்கொள்கிறீர்கள். மடித்துத் தைத்தது போன வருஷத்து நீலக் கவுன். இது பச்சை. இதை நான் மடிக்கவே இல்லை. சோம்பேறித்தனம். என்னைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதை நம்புவார்கள். என் பேரே இருக்கட்டும் அண்ணி, பழகிவிட்டது. பெரியம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். நாற்பத்து மூன்று வருஷத்தில் எனக்கு யாரும் செய்யாத உபகாரம்.

கொசு கேட்டதற்கு என்ன சொல்லலாம் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

கத்திரி


ஏப்ரல் 7

கத்திரிக்கு,

கால்சட்டை சரியாக இருக்கிறது.

உன் கடிதத்தை அண்ணனிடம் கொடுத்தேன். என் கடிதத்தில் இருந்ததையும் சொன்னேன். ஆறு வாரத்துக்குப் பிறகு முழுசாக நாலு வார்த்தை பேசினார். ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த கவுனை, எங்கேயாவது போட்டுவிடு என்று நீ வந்த அன்று உன்னிடம்தான் கொடுத்தாராம். நீ வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாயாம். "அது உன் தையல்னு அவளுக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. நான் பொத்தான் தைத்தாலே கோணலாகத்தான் இருக்கும்.

உனக்குப் பொய் சொல்ல வரவில்லை. கவுன் இரண்டுமே பச்சை.

நீ வா. ஆறுதல் சொல்ல வேண்டாம், எதுவும் வாங்கி வர வேண்டாம். தினமும் காலை பத்து மணிக்குக் கட்டு மாற்றுகிறார்கள். அரை மணி நேரம் ஆகிறது. ஒரு கையை நான் பிடிக்கிறேன், இன்னொரு கையை உன் அண்ணன். நேற்று அவர் பாதியில் விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அவரால் முடியவில்லை. "கெட்டியா புடிக்க வேற யாராவது இருந்தா வரச் சொல்லுங்கம்மா" என்றார் நர்ஸ். நான் யோசித்துப் பார்த்தேன். வந்து போன அத்தனை பேரில் ஒருவரைக்கூட அந்த இடத்தில் நிறுத்திப் பார்க்க முடியவில்லை.

கத்துவாள். அத்தை விடு, அத்தை விடு என்று உன்னைத்தான் கெஞ்சுவாள். கடிப்பாள். விடக் கூடாது. பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர நீயும் நானும் செய்ய அங்கே ஒன்றும் இல்லை.

முந்தின நாளே வந்துவிடு. நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா.

அண்ணி