மேஜை இல்லாதவனுக்கு ஒரு பேனா ஸ்டாண்ட்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி. அங்கே நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் புகுந்து ஐயோ அப்பா, ஐயோ அப்பா என்பாய், கதை கெட்டுவிடும். நான் எழுதி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று உன் அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவள் சத்தியம் எவ்வளவு தாங்கும் என்று உனக்கே தெரியும், அதனால் வேகமாக எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

ஞாயிறு மாலை பையனின் அப்பாவும் அம்மாவும் நம் வீட்டுக்கு வந்து கல்யாணம் பேசுவதாக நீதானே ஏற்பாடு செய்தாய். அவர்கள் சனிக்கிழமை காலையே வந்து இறங்கிவிட்டார்கள், அதுவும் எங்கள் ஹோட்டலிலேயே. வீட்டுக்குப் போனால் எல்லாரும் சலவைச் சட்டையில் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள், வேலை பார்க்கிற இடத்தில் பார்த்தால்தான் ஆள் எப்படி என்று தெரியும் என்பது பையனின் அம்மா போட்ட திட்டமாம். கெட்டிக்காரி, எனக்கு அப்போதே பிடித்துப்போய்விட்டது. வாசலில் டாக்சி நின்றதும் நாங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டியில் தொங்கும் சீட்டைத்தான் படிப்போம், பெயரைச் சொல்லி வாங்க என்றால் வந்தவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். நானும் படித்தேன், நீ சொல்லியிருந்த அதே பெயர். நிமிர்ந்து பார்த்தால் நீ அனுப்பிய போட்டோவில் பையனுக்கு இருக்கிற அதே காதுகள், கொஞ்சம் நரைத்த தலையோடு. அவர்களுக்கு என்னைத் தெரியவில்லை. தெரியவும் வழியில்லை. என் சட்டையில் குத்தும் பெயர் வில்லையின் ஊசி அன்று காலைதான் உடைந்திருந்தது. வில்லை இல்லாமல் லாபியில் கால் வைக்கக் கூடாது என்பது சட்டம், அதனால் லீவில் போன மீசைக்காரரின் வில்லையை எடுத்துக் குத்தியிருந்தேன். என் போட்டோ ஒன்றுகூட நீ அவர்களுக்குக் காட்டவில்லை என்பது பிறகு தெரிந்தது. நம் வீட்டில் நான் பார்க்கும்படியாக இருக்கிற போட்டோவெல்லாம் சீருடையில் எடுத்தவை, அதனால்தானே?

லிஃப்டில் ஏறியதும் பையனின் அம்மா ஆரம்பித்தார். என் பெயரையே சொல்லி, இங்கே விருந்தினர் பிரிவில் இருக்கிறாராமே, எந்த அறையில் உட்காருவார் என்றார். விருந்தினர் பிரிவு என்று நீ சொன்னது பொய்யில்லை, ஆனால் கேட்பவர்களுக்கு அதில் ஒரு நாற்காலி தெரிகிறது பார். நான் உட்கார்ந்தால் எங்களை மேய்க்கும் கேப்டன் முறைத்தே எழுப்பிவிடுவார். அப்போதே நான்தான் அது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அம்மாடி, தன்னைப் பற்றித் தானே நற்சான்று கொடுக்கும் வாய்ப்பு எவனுக்குக் கிடைக்கும்? நல்ல மனுஷர் என்றேன். குடிக்க மாட்டார், யாரையும் கடிந்து பேச மாட்டார், குறட்டைகூட விட மாட்டார் என்று அள்ளி விட்டேன். ஒரேயடியாகப் புகழ்ந்தால் சந்தேகம் வரும் என்று, சொன்ன ஜோக்கையே திரும்பச் சொல்வார், அது ஒன்றுதான் குறை என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே வந்தார். அறையில் பெட்டிகளை வைத்ததும் பையனின் அப்பா என் கையில் எதையோ திணித்தார், எவ்வளவு என்று எழுத மாட்டேன், உன் அம்மா இதைப் படிப்பாள்.

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு பார்சலை எடுத்து, இதை அவர் கையில் கொடுத்துவிடுங்கள், நாங்கள் வந்திருக்கிறோம் என்றும் சொல்லுங்கள் என்றார். எங்கள் வேலையில் பார்சல் என்றால் உரியவர் கையிலேயே சேர்க்க வேண்டும், சேர்த்துவிட்டேன் என்று திரும்பி வந்து சொல்லவும் வேண்டும். கீழே பெட்டிகள் அடுக்கும் அறைக்குப் போய் வலது கையிலிருந்து இடது கைக்குக் கொடுத்தேன். நானே சிரித்துக்கொண்டேன். பிரித்துப் பார்த்தால் பேனா ஸ்டாண்ட், பளபளவென்று, நடுவில் ஒரு குட்டிக் கடிகாரம் வேறு. உன் அப்பாவின் ஆபீஸ் மேஜைக்காக. அப்போது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இல்லாத மேஜையை நீ அந்த வீட்டில் எத்தனை காலம் தூக்கிக்கொண்டு திரிவாய் என்று நினைத்தேன். என்னைச் சொல்ல நீ கூச்சப்பட்டாய் என்பதும் வலித்தது, அதை மறைக்க மாட்டேன். நான் பெட்டி தூக்கி உன்னைப் படிக்க வைத்தேன் என்று சொல்லிக் காட்டவில்லை, வலித்தது, அவ்வளவுதான்.

மேலே போய்க் கதவைத் தட்டினேன். சேர்த்துவிட்டேன் என்றேன். என்ன சொன்னார் என்று அந்த அம்மா ஆசையாகக் கேட்டார். அவர்தான் பேசிக்கொண்டிருக்கிறார் என்றேன். புரியவில்லை. வில்லையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நான்தான் அந்தப் பெண்ணின் அப்பா, இங்கே பெட்டி தூக்குகிறேன், ஆபீஸ் இல்லை, மேஜை இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பையனின் அப்பா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாதான் வாயைத் திறந்தார்.

"அப்போ லிஃப்ட்ல சொன்னதெல்லாம்?"

"குறட்டை மட்டும் பொய்ங்க," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். பெண் ஆசைப்பட்ட ஒரே இடத்தையும் விளையாடியே கெடுத்துவிட்டீர்கள் என்று அவள் என்னைப் பிடித்த பிடியை இங்கே எழுத முடியாது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை அவர்கள் அறையிலிருந்து பெட்டியை இறக்கச் சொல்லி அழைப்பு வந்தது. அறையைக் காலி செய்கிறார்கள். சரி, மாலை வரைகூடப் பொறுக்க மனசில்லை, எல்லாம் முடிந்தது என்று டிராலியைத் தள்ளிக்கொண்டு போவதற்குள், பையனின் அப்பா தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கி லாபிக்கு வந்துவிட்டார். எங்கள் ஹோட்டலில் விருந்தினர் தன் பெட்டியைத் தூக்கினால் எங்கள் தலை உருளும். நான் ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். அவர் விடவில்லை. நான் இழுக்க, அவர் இழுக்க, கேப்டன் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, டை கட்டியவர்களெல்லாம் திரும்பிப் பார்க்க, அவர் என்னைவிடப் பிடிவாதக்காரர்.

"விடுங்க சம்பந்தி, உங்க கையில பெட்டியைக் கொடுத்துட்டு நான் கையை வீசிட்டு நடந்தா நல்லாவா இருக்கும்?"

லாபி முழுக்கக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் பிடியை விடவில்லை. டூட்டியில் இருக்கிறேன், முறையெல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அந்த அம்மா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கைப்பையை என் டிராலியில் வைத்துத் தானே தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். சம்பந்தி வீடு இருக்கும்போது இந்த வாடகை எதற்கு என்றுதான் அறையைக் காலி செய்தார்களாம். நேராக நம் வீட்டுக்குப் போய் இறங்கியிருக்கிறார்கள். உன் அம்மா தலையில் துண்டோடு கதவைத் திறந்தாளாம், அதற்கும் பேச்சு எனக்குத்தான். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார்கள், நல்ல நாள் மட்டும்தான் பார்க்க வேண்டும். நானே உனக்கு எழுதும்வரை பையனிடம்கூட மூச்சு விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கேப்டன் இன்னும் என்னோடு பேசவில்லை, அது நல்லதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் சண்டையும் சிரிப்புமாக நீண்ட காலம் வாழ வேண்டும், அப்பா அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. வரும்போது பெட்டியில் கண்டதையும் திணிக்காதே, தூக்கப்போவது யார் என்று நினைத்துக்கொள். இன்னொன்று. ஊருக்குக் கிளம்பும் முன் சம்பந்தி தன் அண்ணனிடம் போனில் பேசியது கூடத்தில் இருந்த எங்கள் காதில் விழுந்தது. "பொண்ணோட அப்பா பெரிய ஹோட்டல்ல பெட்டி தூக்கறாரு," என்றார். அவ்வளவுதான் அம்மாடி, அந்த வாக்கியம் அவ்வளவு சின்னதுதான். நீயும் ஒருமுறை சொல்லிப் பார்.

அன்புடன்,
உன் அப்பா