கத்தரிக்குத் தப்பிய பக்கம்

மார்ச் 3, திங்கள்

காலைக் கூட்டத்திலேயே எரிச்சல். கணினியை இயக்க நாங்கள் சம்பளமில்லாமல் கூடிச் செய்யும் இலவச லினக்ஸ் தொகுப்பின் அடுத்த வெளியீட்டுக்குப் பொறுப்பானவருக்கு நான் வைத்த பெயர் கத்தரி. எதைப் பார்த்தாலும் அவருக்கு வெட்டத் தோன்றும். நிறுவும் வட்டு கனத்துவிட்டதாம். இந்த முறை வெட்டு உதவிப் பக்கங்களுக்கு. மொத்தத்தையும் தனிப் பேக்கேஜாகக் கட்டி இணையத்தில் வைக்க வேண்டும். "வேணுங்கறவங்க இறக்கிக்கட்டும்."

இணையத்தில் எப்படி இணைவது என்று சொல்லும் பக்கமுமா என்று கேட்டேன். உதவி என்றால் எல்லா உதவியும்தான் என்றார். வெட்டும் வேலையும் என் தலையில். அந்தப் பக்கங்களை எழுதி அடுக்கி வைத்தவள் நான்தானே.

மார்ச் 5

வெட்டியாயிற்று. நாற்பது எம்பி மிச்சம். கத்தரி கடற்கரையில் எடுத்த அஸ்தமனப் படங்கள் மட்டும், வால்பேப்பர் என்ற பெயரில், அதே வட்டில் அறுபது எம்பிக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. அதில் கை வைக்க யாருக்குத் தைரியம்?

மார்ச் 8, சனி

அக்கா போன் செய்தாள். நூலகத்தின் கணினி அறை அவள் பொறுப்பு. என் பேச்சைக் கேட்டு அங்கே எல்லாவற்றிலும் எங்கள் லினக்ஸ். புது வெளியீட்டின் சோதனை வட்டை ஒரு கணினியில் போட்டுப் பார்த்திருக்கிறாள். நெட் வரவில்லை. உதவியை அழுத்தினால், உதவிப் பேக்கேஜை நெட்டிலிருந்து நிறுவிக்கொள்ளவும் என்கிறதாம்.

"ஏண்டி, கிணத்துல விழுந்தவன்கிட்ட மேல வந்து கயிறு வாங்கிக்கோன்னு சொல்ற மாதிரி இருக்கே."

வழியைப் போனிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் அதனால் பயனில்லை. 'யார் துணையும் இல்லாமல் எவரும் இதை நிறுவலாம்' என்று நூலக நிர்வாகக் குழுவிடம் பெருமையடித்து வைத்திருக்கிறாள். பதினேழாம் தேதி குழுத் தலைவரே உட்கார்ந்து புது வெளியீட்டை நிறுவிப் பார்ப்பார். முடியாவிட்டால் அறையில் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அவள் வேலையும் போகும்.

மார்ச் 10

முறையாகப் புகார் பதிந்தேன். கத்தரி உடனே மூடிவிட்டார். காரணம்: 'விவரம் உதவிப் பேக்கேஜில் உள்ளது.' உள்ளதுதான். நான்தானே வைத்தேன்! சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மார்ச் 11

விட்டுவிட்டுப் போய்விடலாமா? சம்பளமே இல்லாத வேலையிலிருந்து எப்படி விலகுவது? அக்காவை நினைத்தால் பயமாக இருக்கிறது. அவளை இதில் மாட்டிவிட்டதே நான்தான்—

பொறு. கத்தரி எதை வெட்டவே மாட்டார்?

மார்ச் 12

திரையில் முதலில் தெரியும் அஸ்தமனத்தை எடுத்தேன். பாதிப் படத்துக்குக் கடல் சும்மா கிடக்கிறது. நெட்டில் இணையும் வழியை அதில் வெள்ளை எழுத்தில் எழுதி, 'வால்பேப்பர் மெருகேற்றம்' என்று அனுப்பினேன். காபி ஆறுவதற்குள் ஒப்புதல் வந்தது. 'வானம் இப்பதான் எடுப்பா இருக்கு' என்று ஒரு வரி வேறு. வானத்தை நான் தொடவே இல்லை.

மார்ச் 14

வெளியீடு. யாரும் கவனிக்கவில்லை, கடவுளே.

மார்ச் 17

நகமே மிச்சமில்லை. சாயங்காலம்தான் போன் வந்தது. தலைவர் நிறுவி முடித்தாராம். நெட் இல்லை. அக்கா வாயைத் திறக்கக் கூடாது. ஒரு மூலையில் நின்றிருக்கிறாள். அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கி, கடலைப் படித்து, அதன்படியே செய்திருக்கிறார். இணைந்துவிட்டது. அறை பிழைத்தது.

"இந்தப் புத்தி யாருக்கு வந்துச்சுன்னு கேட்டாரு. தெரியாதுன்னுட்டேன்." சொல்லிவிட்டு அழுதாள். நானும்தான்.

மார்ச் 20

கத்தரிக்குத் தெரிந்துவிட்டது. கழுத்தை நீட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். அங்கே பார்த்தால் ஊர்ப்பட்ட பாராட்டு வந்திருக்கிறதாம். "வால்பேப்பர்லயே உதவி வைக்கணும்னு எனக்கு ரொம்ப நாளாவே ஒரு யோசனை" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். உதவிப் பக்கங்கள் வட்டுக்குத் திரும்புமா என்று மெல்லக் கேட்டேன். இடமில்லையாம்.

ஏப்ரல் 2

பிரிண்டரை இணைப்பது அலைகளின்மேல் போயிற்று. கடவுச்சொல் மறந்தால் செய்ய வேண்டியது படகுக்குக் கீழே. ஒலி வராவிட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான் அஸ்தமனம் மிச்சமில்லை. இன்னும் படம் வேண்டும் என்று கத்தரியிடம் சொன்னேன். சூரிய உதயத்தை எடுக்க நாளை விடிவதற்கு முன்பே கடற்கரைக்குப் போகிறாராம். கடல் கொஞ்சம் அகலமாக வரட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.