கன்சோல் துளையில் சந்தனம்

3.6.2003, செவ்வாய்

மலை மேல் சோளக்காடு ஊர். காலையிலிருந்து தூறல். அடிவாரம் காரவள்ளியில் ஆரம்பித்து மலைப்பாதையின் அத்தனை வளைவுக்கும் லேப்டாப் மடியில். வாந்தி இல்லை, அதுவரை லாபம்.

வேலை: அரசு ஆபீஸில் ரௌட்டர் வைப்பது. கீழே இருக்கும் தலைமை ஆபீஸோடு கணினி இணைந்துவிட்டால், மலைக்காரர்கள் ஒரு சாதிச் சான்றிதழுக்காக இறங்கி அலைய வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது.

புது ரௌட்டருக்குள் முதல் தடவை நுழைய ஒரே வழி கன்சோல் கேபிள். ஒரு முனை லேப்டாப்பின் சீரியல் போர்ட்டில், மறுமுனை பெட்டியின் கன்சோல் துளையில். செருகினால் போகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே சந்தனம், காய்ந்து கல்லாக. பெட்டி வந்த அன்றே பூசை. ஒரு துளை விடாமல் பொட்டு.

ஆபீஸ் சூப்பிரண்டிடம் கேட்டேன். "பொட்டு வெக்காம மிசின ஓட்டலாமுங்களா?" என்கிறார். பொட்டை நெற்றியில் வைப்பீர்களா, தொண்டைக்குள் வைப்பீர்களா? கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

வாங்க: பல் பிரஷ், குண்டூசி, ஸ்பிரிட் (ஆஸ்பத்திரியில் கேட்கவும்), சிகரெட்.

4.6, புதன்

பகல் முழுக்கச் சுரண்டல். துளைக்குள் முடி கனத்தில் கம்பிகள். ஒன்று வளைந்தாலும் பெட்டி வெறும் தகரம்.

வெராந்தாவில் ஓர் அம்மா, மகளோடு. பாப்பாத்தி, திண்ணனூர் நாடு. மகள் செல்விக்கு நர்ஸ் படிப்பில் இடம். வெள்ளிக்குள் சான்றிதழ் காட்டாவிட்டால் அது வேறு ஆளுக்கு. கீழே போனதற்கு, மேலேயே மிசின் வருகிறது, அங்கே வாங்கிக்கொள் என்று திருப்பிவிட்டார்களாம். அந்த மிசின் இதுதான்.

"ஏனுங்க சாமி, இது எப்பங்க வேல செய்யும்?"

நாளைக்கு என்றேன். எந்தத் தைரியத்தில்?

5.6, வியாழன்

மழை. கேபிள் ஒருவழியாக உட்கார்ந்தது. என்டர் தட்டினேன், கறுப்புத் திரையில் எழுத்து ஓடியது. முகவரி, கடவுச்சொல், லைன், எல்லாம் அடித்து முடித்தேன். கீழே ஆபீஸிலிருந்து பதில் வந்தது. பாப்பாத்தி வாசலுக்கே வந்துவிட்டார்.

சூப்பிரண்ட் அணைக்கச் சொன்னார். திங்கட்கிழமை திறப்பு விழாவாம். பெரிய மனிதர் வந்து பொத்தானை அமுக்கும்வரை ஒரு தாள்கூட வெளியே வரக்கூடாதாம்.

ரத்தம் தலைக்கு ஏறியது. அடித்ததை இன்னும் பெட்டியில் சேமிக்கவில்லை, அணைத்தால் எல்லாம் அழியும் என்றேன். இந்தப் பெண்ணுக்குச் சான்றிதழ் கொடுங்கள், சேமித்துத் தருகிறேன். இல்லாவிட்டால் விழாவுக்குச் செத்த பெட்டிதான். மிரட்டல்தான், வேறென்ன.

அவருக்குக் கோபமே வரவில்லை.

"ஏனுங்க தம்பி, அழிஞ்சாலும் முன்னாடி லைட்டு எரியுமுங்களா?"

எரியும் என்றேன்.

"அது போதுங்க."

பிளக்கைப் பிடுங்கிவிட்டார். செல்வி என்னைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம்.

6.6, வெள்ளி

முதல் பஸ். முன் சீட்டில் பாப்பாத்தியும் செல்வியும். அடிவாரத்தில் செல்போனுக்கு சிக்னல் வந்ததும் எங்கள் கம்பெனி மேனேஜர் போன் மேல் போன், திரும்பப் போய்ச் சரிசெய்ய வேண்டுமாம். எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

அவர்களோடு நானும் கீழே ஆபீஸுக்கு. கையெழுத்துப் போடும் அதிகாரியின் நாற்காலி காலி. எங்கே என்று பியூனிடம் கேட்டேன்.

"விழாப் பந்தல் பாக்க மலைக்குப் போயிட்டாருங்களே. எதுக்க ஜீப்பு வந்திருக்குமே, பாக்கலீங்களா?"