இன்னும் இரண்டு பைப்

காலையிலிருந்து என் போனில் ஒரே சத்தம்தான். கைப் பம்பு மேலும் கீழுமாக அடிபடுகிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டில், அந்தக் கிராமத்து ஆழ்துளைக் கிணற்றைப் பார்த்துக்கொள்ளும் எஸ்தர் அம்மா அனுப்பிய வீடியோ. மூன்று வருடங்களுக்கு முன் நீயும் நானும் பொருத்திய அதே பம்பு. பெண்கள் மறுபடியும் ஆற்றுப் பள்ளத்துக்கே பக்கெட் தூக்குகிறார்களாம். அந்தக் கலங்கல் தண்ணீர் என்னென்ன நோயைக் கொண்டுவரும் என்று நாம் கண்ணால் பார்த்தவர்கள் ஆயிற்றே. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரிட்டயர் ஆனபின் ஒரு தொண்டு அமைப்போடு நாம் போனபோது அங்கே மழை முடிந்த நேரம். போர்வெல் குழியில் தண்ணீர் வெகு மேலே நின்றது. நீ குள்ளஞ்சாவடிப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. எட்டிப் பார்த்துவிட்டு, "யோவ், இன்னும் ரெண்டு பைப்பு எறக்கிடலாம். இது மழைத் தண்ணி, கோடையில கீழ போயிடும்யா" என்றாய். நான் சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். முப்பது வருடம் ஷிப்ட் ஷிப்டாக நிலக்கரி மைன்ஸிலிருந்து தண்ணீரை இறைத்து வெளியே தள்ளியவன். பூமிக்கடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு மேலே வரும் என்பதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்? "போதும்ப்பா, பைப் கூடக் கூடக் கைப்பிடி கனக்கும், பாவம் பொம்பளைங்க" என்று நிறுத்திவிட்டேன். வேலையில் உனக்குச் சீனியர் என்ற திமிர் வேறு. நீ முனகிக்கொண்டே போல்ட்டை முடுக்கினாய். பொருத்தியவன் நீ என்பதால் மேடைச் சிமெண்டில் உன் பெயரைத்தான் எழுதினார்கள்.

இன்று எஸ்தர் கேட்டார்: "உங்கள் நண்பர் அளவைத் தவறாகப் பார்த்துவிட்டாரோ?"

அட, படுபாவி நான்! நீ போய்ச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. உன் மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பேனா? எஸ்தருக்கு எழுதினேன்: "அவன் சரியாகத்தான் சொன்னான். தடுத்தது நான். இன்னும் இரண்டு பைப் இறக்குங்கள்."

உடனே பதில் வந்தது: "ஒவ்வொரு கோடையிலும் அவர் போன் செய்து, தண்ணீர் வருகிறதா என்று கேட்பார். இந்த வருடம் கேட்க அவர் இல்லை."

இரண்டு கோடை! என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? வடலூர் டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். "என்னய்யா யோசனை?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லய்யா, சும்மா பஸ்ஸ பாத்துகினு இருக்கேன்" என்பாய். என் மனசு நோகக் கூடாதென்று என்னிடம் சொல்லாமல், தண்ணீர் வற்றிவிடுமோ என்று நீ ஒருவனே பயந்துகொண்டிருந்திருக்கிறாய்.

மெக்கானிக் இன்று பைப் கொண்டுவருகிறாராம். மணி நாலாகிறது, இன்னும் தகவல் இல்லை. போனைப் பிடித்தபடி ஹாலிலேயே நடக்கிறேன். தண்ணீர் வந்தாலும் அடுத்த கோடை இருக்கிறது, அதற்கடுத்த கோடை இருக்கிறது. கேட்க வேண்டியவன் இனி நான்தான். நீ தனியாகப் பட்ட பயம், இனி என்னிடமே இருக்கட்டும்யா.